பாலமா, சுரங்கமா? பாட்டாளியைக் கேட்டீர்களா?

2024-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 26-ஆம் நாள். நள்ளிரவு கடந்து மணி ஒன்றரை ஆகப் போகிறது. அமெரிக்க நாட்டிலே, மேரிலாண்ட் மாநிலத்திலே, பால்ட்டிமோர் துறைமுகத்தின் வாயிலிலே நிற்கும் நீண்ட பாலத்தின்மீது எட்டுப் பேர் இருக்கிறார்கள். ஏழு பேர் சாலைப் பள்ளங்களை அடைக்க வந்த தொழிலாளர்கள். ஒருவர் வேலையைச் சரிபார்க்க வந்தவர். ஊர் உறங்குகிறது. பகலிலே பாலத்தைக் கடக்கும் ஆயிரக்கணக்கான வண்டிகள் குலுங்காமல் செல்லவேண்டும் என்பதற்காக இவர்கள் விழித்திருக்கிறார்கள். சற்றே இளைப்பாறலாம் என்று தங்கள் வண்டிகளில் ஏறி அமர்ந்த நேரம் அது.

கீழே, ஏறத்தாழ ஆயிரம் அடி நீளமுள்ள 'டாலி' என்னும் சரக்குக் கப்பல், நாலாயிரத்துக்கும் மேற்பட்ட சரக்குப் பெட்டிகளைச் சுமந்து வருகிறது. மின்சாரம் அற்றுப் போயிற்று, விளக்குகள் அணைந்தன, கப்பல் கட்டுக்கு அடங்காமல் மிதந்து வந்து பாலத்தின் காலிலே மோதிற்று. சில நொடிகளிலே பாலம் ஆற்றிலே கிடந்தது. எட்டுப் பேரில் இருவர் பிழைத்தனர், அறுவர் மாண்டனர். மாண்டவர்கள் மெக்சிகோவிலும் குவாத்தமாலாவிலும் எல் சால்வடாரிலும் ஹொண்டுராசிலும் பிறந்து, பிழைப்புத் தேடி வந்து, பிறர் கண்ணயரும் வேளையிலே சாலை போட்டவர்கள்.

அந்த இடத்திலே இனி எதைக் கட்டுவது? மீண்டும் பாலமா, அல்லது ஆற்றின் அடியிலே சுரங்கப் பாதையா? இந்தக் கேள்வி விபத்துக்குப் பின் எழுந்தது. பாலமே என்று மாநில அரசு முடிவு செய்தது. புதுப் பாலத்துக்கு 170 கோடி முதல் 190 கோடி டாலர் வரை ஆகும், 2028-லே திறந்துவிடலாம் என்று முதலிலே சொன்னார்கள். 2025 நவம்பரிலே கணக்கு மாறிற்று: 430 கோடி முதல் 520 கோடி டாலர் வரை ஆகும், 2030-இன் கடைசியிலேதான் முடியும் என்கிறார்கள். "இவ்வளவு கொட்டிக் கொடுப்பதென்றால் சுரங்கமே தோண்டியிருக்கலாமே!" என்று யாரேனும் கேட்டால், அதைக் குறும்பு என்று தள்ளிவிட முடியாது. ஆகவே இந்த வழக்கை நாமும் சற்று எடைபோட்டுப் பார்ப்போம்.

அயல்நாட்டுப் பாலம் நமக்கென்ன என்று தோழர்கள் எண்ணவேண்டாம். விழுந்த பாலத்தின் மேலே இருந்தவர்கள் தொழிலாளிகள். பாலத்தை நம்பிப் பிழைத்த லாரி ஓட்டுநர்களும் தொழிலாளிகள். மோதிய கப்பல் போய்ச் சேரவிருந்த இடம் கொழும்பு. அந்தக் கப்பலிலே வேலை பார்த்தவர்களோ இருபது இந்தியர்களும் ஓர் இலங்கையரும். இது நம் வீட்டு வாசலுக்கு வந்த சேதிதான்.

முதல் வழக்கு: 1970

பாலமா சுரங்கமா என்ற கேள்வி பால்ட்டிமோருக்குப் புதிதல்ல. அந்த நகரின் துறைமுகத்துக்கு அடியிலே முதல் சுரங்கப் பாதை 1957-லேயே திறக்கப்பட்டது. வண்டிகள் பெருகின, சுரங்கம் திணறிற்று. இன்னும் கிழக்கே, துறைமுகத்தின் வெளிவாயிலிலே, இரண்டாவது சுரங்கம் தோண்டுவதென்று திட்டம் போட்டார்கள். 1970 ஜூலையிலே டெண்டர்களைப் பிரித்தார்கள். பொறியாளர்கள் போட்டு வைத்திருந்த மதிப்பைவிட மிக அதிகமான தொகை கேட்டு வந்திருந்தன! திட்டத்தை மடித்து வைத்துவிட்டுப் பாலத்தைப் பற்றி யோசித்தார்கள்.

அப்போது பாலத்துக்காகச் சொன்ன நியாயங்கள் நான்கு. கட்டுவதற்குச் செலவு குறைவு. வண்டி செல்லும் வரிசைகள் அதிகம் போடலாம். நாளாவட்டத்துப் பராமரிப்புச் செலவும் குறைவு. நான்காவது நியாயம்தான் முதன்மையானது: சுரங்கத்துக்குள்ளே அனுமதிக்கப்படாத அபாயச் சரக்கு லாரிகள், அதாவது எரிபொருளும் வெடிபொருளும் கொண்டு செல்லும் வண்டிகள், துறைமுகத்தைக் கடக்க ஒரு வழி வேண்டும், பாலம்தான் அந்த வழி.

இப்படித்தான் பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம் பிறந்தது. 1977 மார்ச்சிலே திறக்கப்பட்டது. நீளம் ஒன்றரை மைலுக்கும் மேல். கப்பல் நுழையும் நடுக்கண்ணின் அகலம் மட்டும் 1,200 அடி. ஒரு கரையிலே இரும்பாலைத் தொழிலாளர்கள் வாழ்ந்த டண்டாக். மறுகரையிலே ஆக்கின்ஸ் முனை. அது காட்சிக்காகக் கட்டிய பாலமல்ல. சரக்குக்காகவும் சம்பளத்துக்காகவும் கட்டிய பாலம்.

சுரங்கத்தின் கட்சி

சுரங்கத்தின் பக்கம் நியாயமே இல்லையா? உண்டு. அதை மறைத்துப் பேசுவது நமது வழக்கமல்ல.

முதலாவது, சுரங்கத்திலே கப்பல் மோதாது. இரண்டாவது, பாலம் விழுந்தால் சாலை மட்டும் அடைபடுவதில்லை, துறைமுகமே அடைபடுகிறது. பால்ட்டிமோரிலே அதுதான் நடந்தது. விழுந்த இரும்பு முழுவதும் கப்பல் செல்லும் கால்வாயிலே குவிந்தது. அதை அள்ளி எடுத்துக் கால்வாயை முழு அளவுக்குத் திறந்தபோது ஜூன் 10-ஆம் நாள். பதினோரு வாரம்! கார்களையும் பெரிய எந்திரங்களையும் ஏற்றி இறக்குவதிலே பெயர்பெற்ற துறைமுகத்திலே, பளு தூக்கும் தொழிலாளி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவர்களுக்கு உதவ மேரிலாண்ட் சட்டமன்றம் ஏப்ரலிலேயே தனிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. இந்த ஆபத்தை முன்பே எண்ணிப் பார்த்தவர்களும் உண்டு. தெற்கே செசபீக் வளைகுடாவின் வாயிலிலே 1964-லே திறக்கப்பட்ட நெடுவழி, கப்பல் செல்லும் இடங்களிலே மட்டும் கடலுக்கடியில் சுரங்கமாக இறங்கிச் செல்கிறது. பாலம் விழுந்தால் கடற்படைக் கப்பல்கள் உள்ளே சிக்கிக் கொள்ளுமே என்ற அச்சம் அதற்கு ஒரு காரணம்.

மூன்றாவது, சுரங்கம் ஊரைக் கெடுப்பதில்லை. பால்ட்டிமோரிலேயே இதற்குச் சான்று உண்டு. மெக்கென்றி கோட்டை அருகே நெடுஞ்சாலைக்கு முதலிலே பாலம்தான் நினைத்தார்கள். 1814-லே பிரிட்டிஷ் கப்பற்படையின் குண்டுகளைத் தாங்கி நின்ற கோட்டை அது. அதன் தலைமேலே பாலமா என்று மக்கள் எதிர்த்தனர். சுரங்கம் வந்தது, 1985-லே திறக்கப்பட்டது. எட்டு வரிசைகளிலே வண்டிகள் ஓடுகின்றன; கோட்டைக்கும் குறைவில்லை, குடியிருப்புக்கும் குறைவில்லை. அங்கே சுரங்கமே சரி என்பதுதான் நமது கருத்தும்.

பாலத்தின் கட்சி

ஆனால் லாரிக்காரனிடம் போய்க் கேளுங்கள். சுரங்கத்தின் வாயிலிலே அவனை நிறுத்தி அளவு பார்க்கிறார்கள். பால்ட்டிமோரின் பழைய சுரங்கத்திலே 13 அடி 6 அங்குல உயரத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு இடமில்லை. எட்டடிக்கு மேல் அகலமும் கூடாது. மெக்கென்றி சுரங்கத்திலே 14 அடி 6 அங்குலம் வரை விடுகிறார்கள். உயரச் சரக்கானால், ஓட்டுநரே, சுற்றிப் போ! எரிபொருள் வண்டியானால், எந்தச் சுரங்கத்திலும் இடமில்லை, சுற்றிப் போ! கீ பாலம் விழுந்த பிறகு அந்த லாரிகளெல்லாம் நகரின் மேற்குப் பக்கத்து வட்டச் சாலையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. தொலைவு கூடிற்று, எண்ணெய்ச் செலவு கூடிற்று, ஓட்டுநன் வீடு திரும்பும் நேரம் தள்ளிப்போயிற்று. அபாயச் சரக்கும் மறைந்து போய்விடவில்லை. வேறு மக்கள் குடியிருக்கும் பக்கமாக அது ஓடிற்று.

"ஏன் அந்தத் தடை? எடுத்துவிடலாமே!" என்று கேட்பவர்கள் ஐரோப்பாவைப் பார்க்கட்டும். 1999 மார்ச்சு 24-லே, பிரான்சுக்கும் இத்தாலிக்கும் இடையே உள்ள மான்ட் பிளாங்க் சுரங்கத்திலே ஒரு லாரி தீப்பற்றிற்று. அது வெடிமருந்து லாரியல்ல. கோதுமை மாவும் மார்ஜரினும் ஏற்றிய லாரி. நம் வீட்டுச் சமையற்கட்டுச் சரக்கு! அந்தத் தீயிலே 39 பேர் மாண்டனர். 2001 அக்டோபரிலே சுவிட்சர்லாந்தின் காட்ஹார்ட் சுரங்கத்திலே இரண்டு லாரிகள் மோதித் தீப்பிடித்ததிலே 11 பேர் மாண்டனர். திறந்த வெளியிலே தீப்பிடித்தால் புகை வானத்துக்குப் போகும்; மனிதன் ஓடித் தப்புவான். சுரங்கத்திலே புகைக்கும் மனிதனுக்கும் ஒரே வழி! மாவு லாரி செய்ததே இது என்றால், பெட்ரோல் லாரியை உள்ளே விடச் சொல்லும் துணிவு யாருக்கு வரும்?

செலவையும் பார்க்க வேண்டும். சுரங்கத்தைத் தோண்டியதோடு செலவு தீர்வதில்லை. இரவும் பகலும் காற்றை உள்ளே தள்ளும் விசிறிகள் சுழலவேண்டும், ஊறும் நீரை இறைக்கவேண்டும், விளக்கு எரியவேண்டும், காவலுக்கு ஆள் வேண்டும். கட்டிய நாள் முதல் கடைசி நாள் வரை அது தின்றுகொண்டேயிருக்கும். ஆழமான கப்பல் கால்வாய்க்கும் கீழே இறங்கி மேலே ஏறுவதென்றால், பளு ஏற்றிய லாரிக்கு அந்த ஏற்றமும் ஒரு சோதனையே.

துறைமுகத்து வாயிலிலே இரண்டு சுரங்கங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. மூன்றாவதும் சுரங்கமானால், உயரச் சரக்குக்கும் எரிபொருள் வண்டிக்கும் துறைமுகத்தைக் கடக்க வழியே இல்லாமற் போகும். ஆகவே பால்ட்டிமோரின் வெளிவாயிலிலே பாலம்தான் சரி. 1970-லும் சரி, இன்றும் சரி. இதை நாம் தயக்கமின்றிச் சொல்கிறோம்.

விழுந்தது பாலம், வீழ்த்தியது எது?

"பாலம் சரி என்கிறீர்கள்; அது விழுந்ததே!" என்று கேட்பார்கள். விழுந்தது. ஏன் விழுந்தது? பாலம் என்பதால் விழவில்லை. காவல் இல்லாத பாலம் என்பதால் விழுந்தது.

1980-லேயே அந்தப் பாலத்துக்கு ஓர் எச்சரிக்கை கிடைத்தது. 'புளூ நகோயா' என்ற கப்பல் கட்டிழந்து வந்து அதே பாலத்தின் காலிலே மோதிற்று. சுமார் 390 அடி நீளக் கப்பல், பாலம் தாங்கிக்கொண்டது. அதே ஆண்டு மே மாதம், புளோரிடா மாநிலத்தின் டாம்பா வளைகுடாவிலே சன்ஷைன் ஸ்கைவே பாலத்திலே கப்பல் மோதி, பாலம் உடைந்து, 35 பேர் மாண்டனர். அங்கே பாடம் கற்றார்கள். 1987-லே திறந்த புதுப் பாலத்தின் கால்களைச் சுற்றிப் பெரும் பெரும் காவல் திட்டுகளைக் கட்டி வைத்தார்கள். கப்பல் வந்தால் முதலிலே திட்டிலே மோதட்டும் என்று.

பால்ட்டிமோரிலும் காவல் திட்டுகள் இருந்தன. 1970-களின் கப்பலுக்கேற்ற சிறு திட்டுகள். பாலம் அப்படியே இருந்தது. கப்பல் மட்டும் வளர்ந்தது. பெட்டிகளை அடுக்கடுக்காக ஏற்றினால் ஒரு பெட்டிக்கு ஆகும் கூலி குறையும் என்று கப்பல் முதலாளிகள் ஆண்டுக்காண்டு பெரிய கப்பல்களை இறக்கினார்கள். 1980-லே மோதிய கப்பலைப்போலப் பத்து மடங்கு பெரியது 'டாலி'. கப்பல் பெருத்தபோது துறைமுகக் கால்வாயை 50 அடிக்கு ஆழப்படுத்தத் தெரிந்தவர்களுக்கு, பாலத்தின் காலைப் பலப்படுத்தத் தெரியவில்லையா?

தெரிந்திருக்கும், கணக்குப் போட்டிருந்தால்! அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2025 மார்ச்சிலே வெளியிட்ட செய்தியைப் பாருங்கள். கப்பல் மோதினால் பாலம் தாங்குமா என்று கணக்கிடும் முறை 1991 முதலே இருக்கிறது. கீ பாலத்துக்கு அந்தக் கணக்கைப் போடவே இல்லை. வாரியமே போட்டுப் பார்த்தபோது, முதன்மையான பாலத்துக்கு ஏற்கத்தக்க அபாய அளவைப்போல ஏறத்தாழ 30 மடங்கு அபாயம் அங்கே இருந்தது தெரிந்தது. இதே கணக்கைப் போடவேண்டியவை என்று 19 மாநிலங்களிலே இன்னும் 68 பாலங்களை வாரியம் சுட்டியிருக்கிறது.

காவலுக்குச் செலவிடாமல் மிச்சம் பிடித்த காசு எங்கே போயிற்று? இன்று 430 கோடி, 520 கோடி என்று வட்டியும் முதலுமாகத் திரும்பி வருகிறது. ஆறு உயிர்கள் அந்தக் கணக்கிலே சேரவில்லை.

ஒன்றரை நிமிடம்

இன்னொரு செய்தி நெஞ்சை அறுப்பது. கப்பல் கட்டிழந்ததும் அதிலிருந்த வழிகாட்டிகள் அபாயக் குரல் கொடுத்தார்கள். செய்தி காவலருக்குப் போயிற்று. காவலர் விரைந்து இரு முனையிலும் வண்டிகளை நிறுத்தினர். பல உயிர்கள் தப்பின. அவர்களைப் பாராட்டவே வேண்டும். ஆனால் பாலத்தின்மேலே ஏற்கெனவே இருந்த தொழிலாளிகளுக்கு யார் சொன்னார்கள்? இன்னொரு காவலர் வந்து முனையைப் பார்த்துக்கொண்டால், மேலே வண்டியை ஓட்டிச் சென்று சொல்லலாம் என்று பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே பாலம் விழுந்துவிட்டது.

காவலருக்குச் செய்தி போன அதே நேரத்திலே தொழிலாளருக்கும் போயிருந்தால், ஓடிப் பிழைக்க அவர்களுக்கு ஒன்றரை நிமிடம் இருந்திருக்கும். உடனடியாக எச்சரிக்கும் ஏற்பாடு இல்லாதது உயிர்ச்சேதத்துக்கு ஒரு காரணம் என்று 2025 நவம்பரிலே அதே வாரியம் முடிவு சொல்லியிருக்கிறது. ஒரு வானொலிக் கருவி, ஓர் அபாயச் சங்கு. பாலத்துக்கு ஆகும் கோடிகளிலே அது எத்தனை காசு? வண்டியிலே வருகிறவனுக்குச் சிவப்பு விளக்கு உண்டு. சாலையைப் போடுகிறவனுக்கு ஒரு குரல்கூட இல்லை!

கப்பலிலே இருந்தவரும் தொழிலாளரே

கப்பல்காரர்கள்தான் குற்றவாளிகள் என்று ஆத்திரப்படத் தோன்றும். மின்சாரம் ஏன் அற்றது என்று ஆராய்ந்தார்கள். ஒரு மின்கம்பியிலே சுற்றிய பெயர்ச் சீட்டு சரியாகச் சுற்றப்படாததால், கம்பி தன் இடத்திலே முழுதும் பொருந்தாமல் தளர்ந்து நின்றது. அங்கே தொடங்கிற்று வினை என்று கண்டார்கள். ஒரு சீட்டு ஒரு பாலத்தை வீழ்த்திற்று!

அந்தக் கப்பலின் மாலுமிகளோ விபத்துக்குப் பின் வாரக்கணக்கிலே அதிலேயே அடைபட்டுக் கிடந்தனர். விசாரணைக்காக அவர்களுடைய தொலைபேசிகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. கப்பலின்மீது கிடந்த பாலத்தின் இரும்பை மே 13-லே வெடிவைத்துத் தகர்த்தபோதும் அவர்கள் கப்பலுக்குள்ளேயேதான் இருந்தார்கள். அவர்களிலே சிலர் ஊர் திரும்ப வழி பிறந்தது ஜூனிலேதான்.

கப்பலின் உரிமையாளர்களும் நிர்வாகிகளும் என்ன செய்தார்கள்? விபத்து நடந்து ஒரு வாரம் ஆவதற்குள் நீதிமன்றம் சென்றார்கள். 1851-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைக் காட்டி, எங்கள் பொறுப்பு சுமார் 4 கோடியே 37 லட்சம் டாலருக்கு மேல் போகக்கூடாது என்று மனுப் போட்டார்கள். பாய்மரம் பறந்த காலத்துச் சட்டம், பத்தாயிரம் பெட்டிக் கப்பலுக்குக் கேடயமாக வருகிறது! அந்த அக்டோபரிலே, மீட்புப் பணிச் செலவுக்காக அமெரிக்க அரசுக்குப் பத்துக் கோடி டாலருக்குச் சற்று மேலே கொடுக்க இசைந்தார்கள். புதுப் பாலத்தின் செலவை யார் தாங்குவது? முழுவதையும் கூட்டரசே ஏற்கும் என்று 2024 டிசம்பரிலே அமெரிக்கப் பாராளுமன்றம் சட்டம் செய்தது. அதாவது, வரி கொடுக்கும் மக்களே முதலிலே தாங்குகிறார்கள். பிறகு வழக்காடி வாங்க முடிந்தால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

நமது தீர்ப்பு

பாலமா சுரங்கமா என்ற கேள்விக்கு எல்லா ஊருக்கும் பொதுவான விடை கிடையாது. குடியிருப்பின் நடுவே, கோட்டையின் பக்கத்திலே, கார்களும் சாதாரணச் சரக்கும் போகும் வழியென்றால் சுரங்கம் நல்லது. துறைமுகத்து லாரி, உயரச் சரக்கு, எரிபொருள் வண்டி, இவை போகவேண்டிய வழியென்றால் பாலமே நல்லது. யார் போகிறான், எதைச் சுமந்து போகிறான் என்று முதலிலே கேட்கவேண்டும், பிறகுதான் டெண்டர்.

ஆனால் பாலத்தைக் கட்டுகிறவன், பாலத்தின் காவலையும் சேர்த்தே விலை சொல்லவேண்டும். காவலை விட்டுவிட்டுப் போட்ட கணக்கிலே பாலம் மலிவாகத் தெரிந்தால், அது பொய்க் கணக்கு. புதுப் பாலத்தின் கால்களை அகலத் தள்ளி வைக்கிறார்கள். கப்பல் நுழையும் உயரத்தை 185 அடியிலிருந்து 230 அடியாக்குகிறார்கள். பலமான காவல் திட்டுகளையும் கட்டுகிறார்கள். செலவு ஏறியதற்கு இவையும் காரணம். இந்தச் செலவு வீண் செலவல்ல. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னே செய்திருக்க வேண்டியதை இன்று செய்கிறார்கள், அவ்வளவே.

இன்னும் இரண்டு வேண்டும். கப்பல் பெருக்கும்போதெல்லாம் பாலத்தின் கணக்கை மீண்டும் போடவேண்டும். திறப்பு விழாவோடு பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. இரவிலே பாலத்தின்மேலே வேலை செய்கிறவன் காதுக்கு அபாயக் குரல் எட்டவேண்டும்; அதுவும், வண்டி ஓட்டி வருகிறவனுக்கு எட்டும் அதே நொடியிலே!

புதுப் பாலத்தின் திறப்பு விழாவிலே பேசப்போகிறவர்கள் அதன் நீளத்தைச் சொல்வார்கள், உயரத்தைச் சொல்வார்கள், கோடிகளைச் சொல்வார்கள். சொல்லட்டும். அன்றிரவு அந்தப் பாலத்திலே பள்ளம் அடைக்கப் போகிறவன் கையிலே ஒரு வானொலிக் கருவி இருக்கிறதா என்றுதான் நாம் கேட்போம். இருந்தால், அதுதான் நல்ல பாலம்.